உன் அத்தானின் இடது கை விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தானின் இடது மணிக்கட்டைத் தவிர மற்ற அனைத்தும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும், உங்கள் இருவரின் மணிக்கட்டுகளும் நலமா என்று அறிய ஆசை. போனில் சொல்லியிருக்கலாம், சொல்லி முடிப்பதற்குள் நீ சிரித்துவிடுவாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

அத்தான் பிறந்தநாளுக்கு நீ ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாயே, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்வது, அதை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினாய். ஆனால் யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். வேலை பார்த்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்த மனிதர். "ஆளு பொய் சொல்லலாம், மீட்டர் பொய் சொல்லாது" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். அவர் கையிலேயே ஒரு மீட்டரைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்?

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒருநாள் இடது கையில் பையைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வந்தவர், வாசலிலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்து அதிர்ந்துபோனார். கை ஆடாமல் நடந்தால் அது அந்தக் கடிகாரத்துக்கு நடையே இல்லையாம். "இவ்ளோ தூரம் வந்திருக்கேன், ஒண்ணுமே ஏறலியே!" என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி கடைவரை போய்வந்தார். அன்றிலிருந்து அந்தக் கை தனி ராஜாங்கம். பை தூக்காது, குடை பிடிக்காது, கதவு திறக்காது. "வலது கையிலயாவது தூக்குங்களேன்" என்றால், "ஒரு பக்கம் பாரம் இருந்தா மறுபக்கம் வீச்சு குறையுது" என்று விளக்கம் வேறு. ஆஸ்பத்திரியில் இருந்த பழைய ஆபீஸ் நண்பரைப் பார்க்கப் போனோம். பாவம், அவர் படுத்திருக்க, இவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே ஆறுதல் சொன்னார். "ஒண்ணு உட்காருப்பா, இல்லன்னா கெளம்பு. எனக்குக் கிறுகிறுன்னு வருது" என்று அவர் கெஞ்ச, நர்ஸ் ஓடிவந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, எங்களை வெளியே அனுப்பிவிட்டார். வெளியே வராந்தா நீளமாக இருந்ததில் உன் அத்தானுக்கு ரொம்பத் திருப்தி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு ரோடு தாண்டப் பயம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது, என்னைவிடச் சின்னவன், நீதான் என்னை இழுத்துக்கொண்டு போவாய். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். ரோட்டோரம் வந்ததும், பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே, இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் விடமாட்டார். இந்த வயதில் எங்களுக்குள் மிச்சமிருந்த கொஞ்சல் அவ்வளவுதான். எனக்கு அது போதுமாகவும் இருந்தது. கடிகாரம் வந்தபின் "சட்டையப் பிடிச்சுக்கோ" என்றார். அவர் கைவீசி நடக்க, நான் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, எனக்கு அழுகையே வந்துவிட்டது தம்பி.

குளிக்கும்போதுகூடக் கழற்றாததால் பட்டைக்கு அடியில் தோல் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மொதல்ல இதைக் கழட்டி வைங்க" என்றார். "வலது கையில கட்டிக்கலாமா?" "வேண்டாம்." "கால்ல?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கழற்றிய அன்று மனிதர் நாற்காலியை விட்டு எழவில்லை. "நடந்து என்ன ஆகப்போவுது? எதுலயும் ஏறாது" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் மூக்குக்கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது. கண்ணாடிக் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். முனகிக்கொண்டே கூட வந்தார். ரோட்டோரம் நின்றதும் நான் பழக்கத்தில் சட்டையைத் தேடினேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மாதானே இருக்கு, பிடிச்சுக்கோ" என்றார்.

பிடித்துக்கொண்டேன். திருகு போட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். வந்ததும் அந்தப் பக்கத்தில் நூல்கண்டு வாங்க வேண்டியது எனக்கு ஞாபகம் வந்தது. அதை வாங்கி வந்ததும், அங்கேதான் டீ நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. டீ குடித்துத் திரும்பினால், எனக்கு உடனே ஒரு ஊக்கு தேவைப்பட்டது. போக்குவரத்துக் காவலர் எங்கள் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, எந்தப் பக்கம் வேணும்னு ஒரு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா." உன் அத்தான் நடுரோட்டில் நின்று சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் எனக்கு ரோட்டுப் பயமே போய்விட்டது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே இதை நீயே கட்டிக்கொள், இல்லையென்றால் தனியாக ரோடு தாண்டத் தெரிந்த மனைவி உள்ள யாருக்காவது கொடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பை தூக்க ஆளோடு, நெடுங்காலம் வாழ வேண்டும்.

பிரியமுள்ள
அக்கா

பின்குறிப்பு: அக்கா கெடுத்து அனுப்பிவிட்டாள் என்று நீ சொல்லக் கூடாதே என்று, பார்சல் கட்டுவதற்கு முன் அது ஓடுகிறதா பார்க்க, என் கையில் கட்டிக்கொண்டு வீட்டு வேலையைச் செய்தேன். சாயங்காலம் அது கிர்ரென்று அதிர்ந்து, ஒரு நாளைக்கு நடக்க வேண்டிய அடிகளை நடந்து முடித்துவிட்டேன் என்று திரை முழுக்க வாணவேடிக்கை காட்டியது. உன் அத்தானுக்கு ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை. நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு இத்தனை வருடத்தில் யாரும் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தியதில்லை. ஆகையால் அனுப்பவில்லை. நேற்று ரோட்டோரத்தில் அத்தான் ஆசையாகக் கையை நீட்டினார். "கை ஆடணுங்க. நீங்க முந்தானையப் பிடிச்சுக்கோங்க" என்றேன். இப்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். வந்தால் பிரிக்காமல் கிழித்துப் போடு.