கேம் ஷாஃப்ட் விஷயமாக மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். போன வாரம் ஃபோனில் நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பிலேயே அது தெரிந்துவிட்டது. நாங்கள் சௌக்கியமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பழைய வண்டி மேட்டில் ஏற மறுத்து டிக் டிக்கென்று சத்தம் போட்டதும், பட்டறைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, விட்டுவிட்டுப் போங்கள், எப்போது முடியும் என்று கேட்காதீர்கள் என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும். வகுப்பு நின்றுபோகுமே என்று அவள் கவலைப்பட்டபோது, ஃபோனில் யார் சொன்னது, "இது ஒரு பெரிய வேலையா மாமா, வீட்டிலேயே ஒரு மத்தியானத்துல மாத்திடலாம், நான் சொல்றேன் நீங்க செய்யுங்க" என்று? நான் சொல்லவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் நான். என் கையில் இதுவரை பேனாவைவிடக் கனமான ஆயுதம் எதுவும் இருந்ததில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை வாக்கைத் தட்டக் கூடாது என்று புது ஷாஃப்ட் வாங்கி வந்து இறங்கினேன். ரேடியேட்டர் கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்க நட்டும் போல்ட்டும். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் சக்கரத்தில் ஒரு புள்ளி, கேம் சக்கரத்தில் ஒரு புள்ளி, இரண்டும் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி செயினை மாட்டினால் டைமிங் சரி என்றீர்கள். புள்ளி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்தவன் நான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. அடுத்து, எந்த சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி என்று பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர். "அதோட முள்ளு முதல் சிலிண்டர் ஒயரைப் பாக்கணும் மாமா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டீர்கள். அந்த 'அவ்ளோதான்' என்ற சொல்லைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் மருந்துக்கடை அம்மாவுக்கு லைசன்ஸ் தேர்வு. பாவம், மூன்று தடவை தேறாமல் போனவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உங்கள் அத்தை சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு தடவை செருமியது, பிறகு கார்புரேட்டர் வழியாக வெடித்தது பாருங்கள், ஏர் ஃபில்டர் மூடி பறந்து எதிர்வீட்டு மாடியில் விழுந்தது, வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டை ஆனது, எதிர்வீட்டுக்காரர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இது உங்களுதா?" என்று ரொம்ப நிதானமாகக் கேட்டார். எங்களுடையதில்லை என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மருந்துக்கடை அம்மா, "அப்ப நான் பஸ்லயே போயிடட்டுமா?" என்றார். உங்கள் அத்தை, "பஸ்ல போய் எந்தக் காரை ஓட்டிக் காட்டுவீங்க?" என்றாள். அவரிடம் கேட்டாலும் பார்வை என்மேல்தான் இருந்தது.

உங்களுக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பட்டறைக்காரரோ, "அடுத்தவங்க பிரிச்ச இன்ஜின்ல நான் கை வைக்கறதில்ல" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் ரேடியேட்டரிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கழற்றிப் பார்த்தால் புள்ளிகள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். மறுபடி வெடித்தது. அதற்குப் பிறகு உங்கள் அத்தை என்னோடு பேசவில்லை. வண்டியோடு பேசினாள். "உன்னை நல்ல கையில குடுத்திருக்கணும்" என்று பானட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். எனக்குக் காது கேட்கும்.

அப்புறம்தான் நீங்கள் பேசினீர்கள்.

"மாமா, அது எந்த சுத்துல இருக்குன்னு பாத்தீங்களா?"

"எந்த சுத்துன்னா?"

"கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தானே கேம் ஒரு சுத்து. புள்ளி ரெண்டும் பாத்துக்கிட்டிருந்தா நாலாவது சிலிண்டர்தான் வெடிக்கத் தயாரா இருக்கும். இன்னும் ஒரு சுத்து விட்டுட்டுத்தான் முதல் சிலிண்டருக்கு முள்ளை வைக்கணும். இது தெரிஞ்ச விஷயம்தானே மாமா."

தெரிஞ்ச விஷயமாம். யாருக்குத் தெரிந்த விஷயம்? அதற்கப்புறம்தான் அந்தச் சிரிப்பு. பின்னாலிருந்து நான் பெற்ற மகளின் சிரிப்பு வேறு.

உங்கள் அத்தை முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, வெடிக்கப்போகிற சுற்றில் காற்று வெளியே தள்ளும் என்பதால் அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டாள். நான் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினேன். "ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..." என்றவள் சட்டென்று, "தள்ளுதுங்க, காத்து விரலைத் தள்ளுது" என்றாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பெல்ட் ஓடும் புல்லியில் இருந்த கோடு இன்ஜின் மேலிருந்த குறிக்கு நேரே வந்ததும் நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கித் திருப்பி உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பியதும் வண்டி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி ஓடியது. மருந்துக்கடை அம்மாவுக்கு வேறு நாள் கொடுத்தார்கள். இதே வண்டியில் போய்த் தேறிவிட்டார்.

ஆனால் அதனால் உங்கள் குற்றம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பாதி சொல்லி மீதியை விழுங்குவது, முழுக்கத் தப்பாகச் சொல்வதைவிட மோசம். இனி இந்த வீட்டுக்கு வந்தால் சாப்பிடுங்கள், தூங்குங்கள், இன்ஜின் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். நானும் இந்த ஜென்மத்தில் ஸ்பேனரைத் தொடுவதாக இல்லை. இது உறுதி.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், இதே போல் சிரித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மட்டும் சிரிக்காமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனம் புண்பட்ட மாமனார்

பின்குறிப்பு: உங்கள் அத்தையின் தம்பி தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். அதிலும் டிக் டிக்தான். ஒரு மத்தியான வேலை என்று நான்தான் தைரியம் சொன்னேன். கேம் ஷாஃப்டை இப்போதுதான் உருவி எடுத்தேன். இதில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. எது எதைப் பார்க்க வேண்டும்? கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய்யவும். மைத்துனன் சோபாவில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.