மூன்று கணிப்பொறியும் நாலாவது ஆளும்

"இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்" என்று கணிப்பொறி ஐந்தாவது முறையாகச் சொன்னபோது, நூலகர் சுகுணனுக்கு வியர்த்துக் கொட்டியது. நாலாயிரம் புத்தகங்களின் பட்டியல் மாலைக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் புது வாசிப்பறை பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

அன்று மகாநவமி, சரஸ்வதி பூஜை; புத்தகத்தைத் தொடாத நாள். மாவட்ட அதிகாரி திவாகரன் பகுத்தறிவுச் சங்கத் தலைவர். வேண்டுமென்றே நவமியாகப் பார்த்துக் கெடு வைத்திருந்தார். சங்கத்தின் செயலாளரே சுகுணன்தான். எந்த முகத்தோடு அவகாசம் கேட்பார்?

பட்டியல் பூட்டிக் கிடந்த பின்னறைக் கணிப்பொறியில் இருந்தது. முன்கூடத்துக் கணிப்பொறிகளிலிருந்து சுகுணன், உதவியாளர்கள் ரம்லத், ஷிஜு மூவரும் அதில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். நேற்று வரை செய்தார்கள். ஆனால் யாராவது பட்டியல் முழுவதையும் திறந்து வைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அது திறக்காது.

"ஷிஜு, நீதானே திறந்து வெச்சிருக்க?"

"நான் மூடி அரைமணி ஆச்சு சார். ரம்லத் இத்தாவக் கேளுங்க."

மூவரும் மூடினார்கள். அப்போதும் அதே பதில். அந்த நாலாவது ஆள் யாரென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

சுகுணன் ஒரு யோசனை சொன்னார். பென் டிரைவில் இருந்த பழைய நகலை ஆளுக்கொன்றாக எடுத்துத் தனித்தனியே பதிவு செய்தார்கள். மத்தியானம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், மூவரும் 3201-லிருந்தே எண் போட்டிருந்தார்கள். ஒரே எண்ணில் கோழி வளர்ப்பும் வானவியலும் ஒரு காதல் நாவலும் கூட்டுக் குடித்தனம் நடத்தின. ரம்லத் சிரித்த சிரிப்பில் சுகுணனுக்குக் கோபம்கூட வரவில்லை.

வெட்கத்தை விட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை.

கடைசியில், பெருக்க வந்த விலாசினி சேச்சியிடம் சாவி வாங்கிப் பின்னறையைத் திறந்தார்கள். திரையில் சந்தனம், மேலே மாலை, முன்னால் விளக்கு. பட்டியல் திறந்தே கிடந்தது. விசைப்பலகையை ஒரு தடித்த அகராதி அமுக்கிக்கொண்டிருந்தது.

"நேத்து பூஜைக்கு வெச்சேன். புத்தகமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். அதுவரைக்கும் தொடக்கூடாது."

பகுத்தறிவுச் சங்கச் செயலாளர் அகராதியை நோக்கிக் கையை நீட்டினார். பத்தாவது பொதுத்தேர்வு எழுதப்போகும் மகள் நினைவுக்கு வந்தாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"எனக்குத் தடையில்ல சார். நான் எடுக்கட்டுமா?" என்றாள் ரம்லத்.

"வேண்டாம்" என்றார் சுகுணன், கொஞ்சம் அவசரமாகவே.

அப்போது மாவட்ட அலுவலகப் பியூன் போனில் கூப்பிட்டான். வாசிப்பறை போயே போய்விட்டது என்று நினைத்த சுகுணன், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். பியூன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாளைக்கே அனுப்புங்க சார். இங்க கம்ப்யூட்டருக்கு திவாகரன் சாரே நேத்து சந்தனம் வெச்சுட்டார். உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு காலைலேர்ந்து போனை எடுக்காம உக்காந்திருக்கார்."