சரித்திரம் துடைக்கும் சர்வர் பூசாரி

நாலு பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் இருப்பார். அவர் எழுதுவது அபூர்வம். மற்றவர்கள் எழுதுவதைக் காவல் காப்பதே அவர் தொழில். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் சர்வர் பூசாரி. கிகிண்டா நகரில் எங்கள் அலுவலகத்துக்கு வாய்த்த பூசாரி ரதிவோய்.

யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்று குறித்துக்கொண்டு, ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்கே திருப்பிக் கொண்டுபோய்விடும் மென்பொருள் ஒன்று உண்டு அல்லவா? அதை சர்வரில் நிறுவ, காப்பி குடித்துக்கொண்டே செய்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். ரதிவோய்க்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் சர்வரை எந்த மூலையில் வைப்பது என்று யோசித்தார். இரண்டாம் நாள் அதன்மேல் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, எழுத்து சிறியதாக இருக்கிறதென்று கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினார். மூன்றாம் நாள் ஜன்னல்களைச் சாத்தினார். இரு பக்கமும் ஜன்னல் திறந்து காற்று ஊடுருவினால் மனிதருக்கே கழுத்துப் பிடித்துக்கொள்கிறதே, இயந்திரம் என்ன பாடு படும்? அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலை வெயிலிலும் நாங்கள் வேகிறோம். சர்வரும் எங்களோடு சேர்ந்து வேகிறது.

தினமும் காலையில் ஒரு கையில் சீஸ் அடைத்த பூரெக் ரொட்டி, மறு கையில் தயிர்க் கோப்பையோடு மாற்றங்களின் பட்டியலைத் திறப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் சரித்திரம்.

“நாப்பத்திரெண்டாவது வரி யாரோடது?”

“என்னோடதுதான் அண்ணே. ஒரு கமா விட்டுப்போச்சு,” என்பாள் என் பக்கத்து மேசை தெசாங்கா.

“விட்டுப்போகல. நீ விட்ட. சரித்திரத்துல உன் பேரோட நிக்குது பாரு.”

அவர் பெயர் மட்டும் எந்தத் தவறின் பக்கத்திலும் நின்றதில்லை. தவறே செய்யாத மனிதர் என்று நாங்களும் நம்பினோம்.

ஜூன் கடைசியில் அவருக்கு அந்தச் சரித்திரமே பிடிக்காமல் போனது. “‘ஐயோ’, ‘இப்பப் பாரு’, ‘இதாவது ஓடித் தொலையுதா’... செஞ்ச மாற்றத்துக்கு இப்படியா குறிப்பு எழுதுவீங்க? வெளியாள் பார்த்தா காறித் துப்புவான்!” இரண்டு வருடத்து மாற்றங்களை ஒரே பதிவாகச் சுருக்கினார். அதன் குறிப்பு: ‘எல்லாம் ஒழுங்காக உள்ளது’. காப்பு நகல் இருந்த வட்டையும் அழித்து, சுத்தமானதை அதில் ஏற்றினார். எங்கள் கணினிகளில் இருந்த பழைய நகல்களை அன்றே அழிக்க உத்தரவு. அழித்தோம்.

கோதுமை அறுவடை தொடங்கியது. கூட்டுறவுக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது எங்கள் மென்பொருள்தான். முதல் லாரி மேடையில் ஏறியது, எடை பூஜ்யம். இரண்டாவதும் பூஜ்யம். மதியத்துக்குள் எண்பது வண்டிகள் வரிசையில் நின்றன. அத்தனையும் திறந்த வண்டிகள், மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை இறங்கினால் ஒரு வருட உழைப்பு ஊறிப்போய்விடும். முதலாளி ஸ்வெதொசார் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் விவசாயிகளின் வசவு எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“ரதிவோய், போன வருஷ அறுவடைக்கு நல்லா ஓடுச்சேப்பா. அதையே எடுத்துத் திருப்பிப் போடு!”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அந்த மென்பொருளை வைத்திருக்கிறோம்? ரதிவோய் விசைகளைத் தட்டினார். நிறுத்தினார்.

“போன வருஷம்னு ஒண்ணு இல்ல.”

“இல்லன்னா?”

“சரித்திரம் சுத்தமா இருக்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அந்த ஜன்னலைத் திறந்தேன். தெசாங்கா தொண்டையைக் கனைத்தாள்.

“என்கிட்ட ஒரு நகல் இருக்கு. அழிக்க மனசு வரல.”

‘மிளகாய்த் துவையல் செய்முறை’ என்று பெயரிட்ட கோப்புறைக்குள் அவள் இரண்டு வருடத்தையும் முழுசாக ஒளித்து வைத்திருந்தாள். இருபது நிமிடத்தில் போன வருடம் திரும்பி வந்தது. முதல் தூறல் விழும்போது கடைசி வண்டி கிடங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு, எடையைக் கெடுத்த வரி யாருடையது என்று அதே நகலில் தேடினோம். இந்த வருடம் மார்ச் மாதம். குறிப்பு: ‘சிறு மேம்பாடு’. பெயர்: ரதிவோய்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். மனிதர் வெட்கப்பட்டாரா? தயிரை ஒரு மடக்குக் குடித்தார்.

“உத்தரவை மீறி பழைய நகலை வெச்சிருந்திருக்க, தெசாங்கா. இது சரித்திரத்துல ஏறணும்.”

ஏற்றினார். அவள் பெயரோடு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் வீட்டில் நடந்த சண்டையை நேற்று நண்பரிடம் விவரித்தீர்களே, அதில் முதலில் குரலை உயர்த்தியது யார் என்ற வரி இருந்ததா? இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு தெசாங்கா உண்டு. பழைய நகல் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.