ஐந்தாம் மேசையின் பேனா

மார்ச் 6: ஐந்தாம் மேசை 58, முதலிடம் 59.
மார்ச் 13: ஐந்தாம் மேசை 61, முதலிடம் 62.
மார்ச் 20: ஐந்தாம் மேசை 57, முதலிடம் 58.

புதன்கிழமைதோறும் ஒரே ஒரு புள்ளி. பூரலாங் என்ற சிற்றூரில், பவுல்ஸ் என்னும் பந்துருட்டு ஆட்டத்துக்கான கிளப்பில் நடக்கும் வினாடி வினாவில் அந்த ஒரு புள்ளி எங்கே தொலைகிறது? அறிவுக் குறைவா? இல்லை. மறதியா? அதுவும் இல்லை. அந்த மேசையில் பதில் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

பேனா பிடிப்பவர் என்பது மனிதர்களில் தனி இனம். இவரை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் கிளப்புக்குள் நுழைந்ததும் நாற்காலியைத் தேடுவார்கள், பீரைத் தேடுவார்கள், வறுத்த உருளைக்கிழங்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். இவர் விடைத்தாளைத் தேடுவார். கிளப் கொடுக்கும் பேனாவை ஒருமுறை காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தன் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுப்பார். அவ்வளவுதான். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்த்து நிற்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஆட்சி அமைந்துவிட்டது.

ஐந்தாம் மேசையின் பேனா மெர்வின் டாட்செல்லிடம் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது அவருடைய தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர். மேசைக்கு ‘மெர்வின் மூளைகள்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று நீங்கள் கேட்கப் போவதில்லை.

எழுதும்போது இடது கையை அணைபோல வளைத்துத் தாளை மறைத்துக்கொள்வார். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்ததில்லை. சொந்த மேசைக்காரர்களும் பார்த்ததில்லை. யாராவது ஒரு பதிலைச் சொன்னால் உடனே எழுதமாட்டார். பேனாவை அந்தரத்தில் நிறுத்தி, “எத்தனை சதவீதம் உறுதி?” என்பார். சொன்னவர் பாவம், நியாயமானவர்; யோசித்து “ஒரு எழுபது” என்பார். “நான் எண்பது” என்று மெர்வின் தன் பதிலை எழுதுவார். எதிராளி எண்பது என்றால் இவர் தொண்ணூறு. பதில் சரியாகிவிட்டால் “நான் சொன்னேன்ல?” என்பார். தவறாகிவிட்டால் “நாம கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்” என்பார். வெற்றியில் ஒருவர், தோல்வியில் ஆறு பேர்.

சந்தேகமே இல்லாத பதிலையும் அவரால் சும்மா எழுத முடியாது. சிட்னி பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு எது என்று ஒரு புதன்கிழமை கேட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது என்று மேசையே சொன்னது. மெர்வினுக்கும் தெரியும். ஆனால் வகுப்புகள் தொடங்கியது ஐம்பத்திரண்டில் என்பதும் தெரியுமே! அதை எழுதாமல் விட்டால் தெரிந்து என்ன பயன்? இரண்டையும் எழுதினார். இரண்டு பதில் எழுதினால் பூஜ்யம் என்பது விதி. மார்ச் 13ஆம் தேதியின் ஒரு புள்ளி அப்படித்தான் போயிற்று.

பரிசு இறைச்சித் தட்டு. ஐந்தாம் மேசையிலேயே உட்கார்ந்திருக்கும் கசாப்புக் கடைக்காரர் டக்கிதான் வாராவாரம் அதைக் கொடுக்கிறார். “என் கடை ஆட்டுக்கறி, என் கடை தொத்திறைச்சி. ஊர்ல எல்லாரும் ஜெயிச்சுக் கொண்டுபோயிட்டாங்க. என்னைத் தவிர” என்று அவர் புலம்பாத புதன்கிழமை இல்லை.

மெர்வினின் மனைவி நோரீன் எப்போதும் அவருக்கு இடப்பக்கம், அதாவது அந்த அணைக்கு வெளியே, உட்காருவார். பதிலை ஒரே ஒரு முறை, மெதுவாகச் சொல்வார். இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பூரலாங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் முடிந்த முதல் புதன்கிழமை எந்த மேசையில் உட்காருகிறீர்களோ, கிறிஸ்துமஸ் வரை அதுதான் உங்கள் மேசை. அதனால் மார்ச் 27ஆம் தேதி, கிளப் வாசலில் காரை நிறுத்தியதும் நோரீன் இறங்கவில்லை.

“மெர்வ், ஒண்ணு சொல்றேன். மூணாம் மேசையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஜனீன் என்னைக் கூப்பிட்டிருக்கா.”

“யாரு, அந்த நர்ஸுங்க மேசையா? பாதிப் பேரு டியூட்டின்னு பாதியில எழுந்து போயிடுவாங்களே.”

“இருக்கட்டும். இன்னிக்கு ஒரே ஒரு தடவை, நான் சொல்றத அப்படியே எழுது. எழுதினா உன் பக்கத்துலயே இருக்கேன். இல்லன்னா ஈஸ்டருக்கு அப்புறம் அங்க போயிடுவேன்.”

“இதென்னம்மா, நீ சொன்னத நான் எழுதாம இருந்திருக்கேனா?”

நோரீன் கதவைத் திறந்தார்.

மெர்வின் அன்று உண்மையாகவே முயன்றார். நாடாளுமன்றம் கான்பெராவுக்கு மாறிய ஆண்டு வந்தபோது டக்கியை மடக்கினார். நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்று வந்தபோது எல்லாரையும் மடக்கினார். ஆனால் ஒரு கண்ணை நோரீன் மேலேயே வைத்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் எழுதிவிடுவது என்ற தீர்மானம். ஏழு சுற்றுவரை நோரீன் வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது சுற்று இசை. கேள்வி கேட்கும் கோரல் ஒலிவாங்கியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: “எண்பத்தெட்டுக் கட்டை இருக்கிற பியானோவுல கறுப்புக் கட்டை எத்தனை?”

“முப்பத்தாறு” என்றார் நோரீன்.

பழக்கம் பொல்லாதது. “எத்தனை சதவீதம்?” என்று கேட்டுவிட்டார் மெர்வின்.

“நூறு.”

நூற்றுக்கு மேல் பத்துக்கு எங்கே போவது? மெர்வின் பேனாவைத் தாளில் வைத்தார். 36 என்று எழுதினார். நோரீனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு எழுந்து, மேசைக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு வாங்கக் கவுண்டர் பக்கம் போனார்.

அங்கே கூட்டம். வரிசை நகரவில்லை. பேனா மெர்வின் கையிலேயே இருந்தது. எண்பத்தெட்டுக் கட்டை என்றால் ஏழு ஆக்டேவ், அதாவது ஏழு ஸ்தாயி. ஒரு ஆக்டேவுக்கு ஐந்து கறுப்பு. கணக்கு பொய் சொல்லுமா?

“டக்கி, ஏழஞ்சு எவ்வளவு?”

“முப்பத்தஞ்சு.”

“பாத்தியா! நீயே சொல்ற.”

“யோவ், நான் வாய்ப்பாடுய்யா சொன்னேன். பியானோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

“சரி, எத்தனை சதவீதம்?”

“ஏழஞ்சு முப்பத்தஞ்சுங்கறதுக்கா? நூறு.”

சாட்சி கிடைத்துவிட்டது. மெர்வின் 36ஐ ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் 35 என்று அழகாக எழுதினார். அவர் கையெழுத்து எப்போதுமே அழகு.

விடைத்தாள்களை மேசைக்கு மேசை மாற்றித் திருத்துவது வழக்கம். ஐந்தாம் மேசையின் தாள் அன்று மூன்றாம் மேசைக்குப் போயிற்று. கோரல் விடையைப் படித்தார்: “முப்பத்தாறு. ஏழு ஆக்டேவ் போக, இடது ஓரத்துல ஒத்தையா ஒண்ணு நிக்கும். அதை எல்லாரும் மறந்துடுவாங்க.”

“அடடா!” என்று மூன்றாம் மேசையிலிருந்து ஜனீனின் குரல் கேட்டது. “மெர்வ், முப்பத்தாறுன்னு எழுதிட்டு அடிச்சிட்டீங்களே! இதுக்கு மார்க் போட முடியாதே!”

உருளைக்கிழங்குத் தட்டோடு நோரீன் அப்போதுதான் வந்து நின்றார்.

மூன்றாம் மேசை 61. ஐந்தாம் மேசை 60.

“நாம கொஞ்சம் அவசரப்பட்டு...” என்று தொடங்கினார் மெர்வின்.

“நம்ம வீட்டுக் கூடத்துல ஒரு பியானோ இருக்கு மெர்வ்” என்றார் நோரீன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நான் வாசிக்கிறது. நீ பவுல்ஸ்ல ஜெயிச்ச கோப்பையெல்லாம் அது மேலதான் அடுக்கி வெச்சிருக்க.” தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். “ஜனீன், அந்த நாற்காலி இன்னும் காலிதானே?”

ஏப்ரல் 3ஆம் தேதி ஐந்தாம் மேசை 49. அடுத்த வாரம் 46. மெர்வினின் இடப்பக்கம் காலியாக இருந்தது. கையை வளைத்து மறைத்துக்கொண்டுதான் எழுதினார். ஆனால் தள்ளுபடி செய்வதற்குக்கூடச் சரியான பதிலொன்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை.

கிளப் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். எண்பத்தெட்டுக்கு அதிகமான கட்டைகள் கொண்ட பியானோக்களும் உலகில் உண்டு, ஆகவே கேள்வியே செல்லாது என்பது முதல் கடிதம். கட்டை எண்ணிக்கை கேள்வியிலேயே இருந்தது என்று பதில் வந்தது. மனைவியைப் பழைய மேசைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. நாற்காலிகள்தான் கிளப்புக்குச் சொந்தம், உட்காருகிறவர்கள் அல்ல என்று பதில் வந்தது.

மூன்றாவதை எழுதும்போது நோரீன் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“இப்ப என்ன கேக்குற?”

“மேசை மாறலாமான்னு.”

“யாரு?”

“நான்தான்.”

நோரீன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். “எங்க மேசையில பேனா என்கிட்ட இருக்கு, தெரியும்ல?”

“தெரியும்.”

“ஜனீன் ஏதாவது சொன்னா நான் உடனே எழுதறதில்ல. அவ சும்மா அடிச்சுவிடுவா. அவளுக்கு என்ன தெரியும்?”

மெர்வின் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மைத்துனரோ, அலுவலக மேலாளரோ, வீட்டு விசேஷங்களில் பந்தி வரிசையைத் தீர்மானிக்கிறவரோ. அவரிடம் இதை நீட்டி “அப்படியே உங்கள மாதிரியே இருக்கு” என்று சொல்லக் கிளம்பிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து, இது யாரைப் பற்றியது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியும். ஒருமுறை மெதுவாகச் சொல்லியும் இருப்பார்.

மெர்வினுக்கு அது காதில் விழ மூன்று கடிதங்கள் ஆயின. ‘மூன்றாம் மேசைக்கு மாறலாம், பேனா கொண்டுவரக் கூடாது’ என்ற ஒரே வரியோடு கமிட்டியின் கடைசிக் கடிதம் ஜூன் 12ஆம் தேதி வந்தது.