வெயிலில் காயப்போட்ட இசைத்தட்டு

பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்தால் அதை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியாது. தூசி தட்டுவேன், ஆண்டு தேடுவேன், பிறகு கெடுப்பேன்.

சுன்னாகத்தில் வானொலி திருத்தும் கடையொன்றில் அந்த இசைத்தட்டைக் கண்டேன். வெளிநாட்டு ராக் பாடகர் ஒருவர் தம் குழுவை விட்டு விலகித் தனியாகப் பாடிய முதல் தட்டு. உறையின் மூலையில் நீல மையில் என் மனைவியின் அண்ணன் ஜெயம் அத்தானின் கையெழுத்து. கீழே நாளும் மாதமும். (ஆண்டு இல்லை. ஆண்டு எழுதாதவர்களை நான் இலகுவில் மன்னிப்பதில்லை.) இடம்பெயர்ந்தபோது அவர் வீட்டில் விட்டுப்போன தட்டு. கனடா போயும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

தட்டை வாங்கி வந்து, தொலைபேசியில் அவருக்குச் செய்தி சொன்னேன்.

"வாற மாதம் வாறன். ஒருத்தரும் அதைத் தொடாதேங்கோ."

"அத்தான், அங்கை புதுசே வாங்கலாமே?"

"எனக்கு என்ரை தட்டுத்தான் வேணும்."

தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. என் பழைய பஞ்சாங்கங்களுக்கும் கோயில் விழா மலர்ப் புத்தகங்களுக்கும் பூஞ்சணம் பிடித்தால் நான் அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: முற்றத்தில் வெயில். அத்தான் வருவதற்கு முதல்நாள் தட்டைக் கழுவி, மனைவி மோர்மிளகாய் காயப்போட்டிருந்த பாயில் ஓரமாக வைத்தேன்.

"இஞ்சருங்கோ, உது வெயிலுக்கு இளகாதோ?"

"கறுப்புச் சாமான் கெதியாய்க் காயும்" என்றேன். (விஞ்ஞானம்.)

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தது. தட்டு அப்பம்போல விளிம்பு எழும்பிக் கிடந்தது. அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். கல்லை எடுத்ததும் அது வேண்டுமென்றே செய்வதுபோல மறுபடியும் எழும்பியது.

மறுநாள் அத்தான் கனடாவிலிருந்து தட்டுச் சுழற்றும் கருவியையே காவிக்கொண்டு வந்திறங்கினார். தட்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஆர் இதை வெயிலிலை போட்டது?"

மனைவி மோர்மிளகாயைப் பார்த்தாள். நானும் அதையே பார்த்தேன்.

ஊசி விளிம்பில் நிற்கவில்லை. வைக்க வைக்கச் சறுக்கியது. உள்ளே இருந்த கடைசிப் பாட்டு மட்டும் ஓடியது. காற்றுக் காலத்தில் நயினாதீவுக்கு வள்ளம் ஏறியவர்போலப் பாடகர் எழும்பி எழும்பி விழுந்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பவும் போட்டார்.

"தலை சுத்துது" என்றார். "ஆனால் அவன்தான்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அத்தான், கனடாக் குளிரிலை வைச்சால் நிமிரும் எண்டு நினைக்கிறன்."

அவர் தட்டை உறைக்குள் போட்டு என்னிடமிருந்து தள்ளி வைத்தார். மனைவிதான் முதலில் சிரித்தாள். திரும்பிப் போகும்போது தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். அவருடைய பெட்டியைக்கூட என்னைத் தொட விடவில்லை.

போன மாதம் எனக்கு இடுப்புப் பிடித்து, குனிந்தபடியே நின்றுவிட்டேன். மனைவி தைலம் தேடவில்லை. தொலைபேசியைத்தான் எடுத்தாள்.

"அண்ணை, இவரும் வளைஞ்சு போனார். உங்கை குளிருக்கு அனுப்பிவிடட்டே?"