சனிக்கிழமை எண்ணெயும் வெங்கிட்டுவின் கன்னமும்

மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வெங்கிட்டுவின் கண்ணை ஒருவராலும் ஏமாற்ற முடியாது. இதைச் சொன்னவரும் வெங்கிட்டுதான். பழைய தேக்கு அலமாரியில் எந்த விரிசலை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு அறுபதாம் கல்யாணம் நெருங்கியது. மனைவி மீனாக்ஷி, கன்னத்துக் கோடுகளை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாள். வெங்கிட்டு பதறிப்போனார்.

“அது ஓரிடத்துல நிக்காதுடீ! கன்னத்துல போட்டா, முகூர்த்தத்துக்குள்ள தாடைக்கு எறங்கிடும்.”

“எல்லாருக்குமா எறங்கறது?”

“எல்லாருக்கும்தான். எனக்குத் தெரியும், கேட்டயா!”

மீனாக்ஷி பேச்சை அத்தோடு விட்டாள். தன் சாமர்த்தியத்தை வெங்கிட்டு தானே மெச்சிக்கொண்டார்.

சில வாரம் கழித்து, பத்திரிகை அச்சாகி வந்த அன்று கண்ணாடியைப் பார்த்தார். ஒட்டிய கன்னம் உறுத்தியது. மாலையும் கழுத்துமாக நிற்கப்போவது அவரும்தானே! வைப்பின் தீவில் ஒரு பழைய ஊஞ்சல் விலைக்கு வருகிறது என்று வீட்டில் புளுகிவிட்டு, நேரே இடப்பள்ளியில் ஒரு தோல் டாக்டரிடம் போய் இரண்டு கன்னத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தார். சரியாகப் போட்டால் பெரும்பாலும் நகராது, இரண்டு வாரம் அழுத்தாமல் தேய்க்காமல் இருங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மல்லாந்தே படுத்தார். மீனாக்ஷி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அவ்வளவு கூர்மை போதாது என்று தேற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மீனாக்ஷி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

“பலகையில ஒக்காருங்கோ. கன்னத்தை நன்னா அழுத்தித் தேச்சு விடறேன்.”

“தலைக்கு மட்டும் மதி, அது போறும்!”

“இத்தனை வருஷமா மூஞ்சிக்கும் சேத்துத்தானே?”

“சளி பிடிச்சிருக்கு.”

“சளி மூக்குலன்னா இருக்கும்? கன்னம் என்ன பண்ணித்து?”

எண்ணெய்க் கை கன்னத்தருகே வந்துவிட்டது. வெங்கிட்டு பலகையோடு பின்னால் நகர்ந்தார்.

“தொடாதேடீ! நகந்துடும்!”

“எது?”

இனி மறைத்துப் பயனில்லை.

“ஃபில்லர். ஆனா சும்மா வெறுதே நகராது! நல்ல டாக்டர் போட்டா அங்கேயே நிக்கும். ரெண்டு வாரம் அழுத்தாம இருக்கணும், அவ்வளவுதான்.”

“எல்லாருக்கும் தாடைக்கு எறங்கும்னேளே?”

வெங்கிட்டுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “சரி, நீயும் போட்டுக்கோ. நானே அழைச்சுண்டு போறேன்.”

“வேண்டாம்ண்ணா. நீங்க கூடாதுன்னு சொன்ன மறுநாளே போட்டுண்டாச்சு. அப்போ ரெண்டு வாரம் நானும் மல்லாந்துதானே படுத்துண்டிருந்தேன்? உங்களைப் பாத்ததுமே புரிஞ்சுடுத்து.”

வெங்கிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

“தேடாதேங்கோ, எண்ணெய் ஆறிடும்,” என்றாள் மீனாக்ஷி. “தலையைக் குனியுங்கோ.”

குனிந்தார்.