தோலால் குடிக்கும் ஜீவன்

முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரே ஒரு பொய்யையாவது நாச்சம்மாளிடம் செல்லுபடியாக்கிவிடுவது என்று அன்று சபதம் எடுத்தேன்.

காரணம் இருந்தது. அவள் சந்தைக்குப் போன நேரத்தில், தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்த டேங்கைக் குடிதண்ணீர்த் தொட்டியிலேயே முக்கிக் கழுவிவிட்டேன். தோட்டத்துக் கோடி வரை நடக்கச் சோம்பல். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், தொட்டித் தவளைகள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அள்ளிப் புதைத்தேன். தொட்டியை மூன்று தடவை தேய்த்துக் கழுவி நிரப்பினேன். மகள் செல்வப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வர இரண்டே நாள்தான் இருந்தது.

"ஏனுங்க, தவளச் சத்தத்தையே காணமுங்க?" என்று கேட்டாள் நாச்சம்மாள்.

"வெயிலுக்கு மண்ணுக்குள்ள போயித் தூங்குது புள்ள. அதோட சுபாவம் அப்பிடி."

"நேத்துத்தான் மழ பேஞ்சுதுங்களே."

வேறு வழியில்லை, விஞ்ஞானத்தில் இறங்கினேன். "தவள நம்மளாட்ட வாயில தண்ணி குடிக்காது. தோலாலதான் குடிக்கும். பாதி மூச்சும் தோலாலதான் உடும். ஈரம் பத்துலீனா வெளிய வராது."

"அப்ப தண்ணீல என்ன கெடந்தாலும் தோல் வழியா உள்ள போயிருமுங்களா?"

"பின்ன?" என்றேன், வாத்தியார் தோரணையில்.

எழுந்து போனாள். அவள் அப்படிப் பாதியில் எழுந்து போனால் எனக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். திரும்பி வந்தவள் ஒரு சொம்பை நீட்டினாள்.

"பேசிப் பேசித் தொண்ட காஞ்சிருக்கும். தொட்டித் தண்ணிதானுங்க, குடிங்க."

வாய்வரை கொண்டுபோனேன். வெள்ளை வயிறுகள்தான் கண்ணில் நின்றன. "அப்பறமாக் குடிக்கறன்."

"நாளான்னிக்குப் புள்ள வந்தா அவளும் இதத்தானுங்க குடிக்கோணும்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சொம்பை எடுத்துத் தானே மடமடவென்று குடித்தாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"உடுங்க. இது பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் ஊட்டுக் கெணத்துத் தண்ணி."

வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"செல்வி, பிரசவத்துக்கு உங்க மாமியா ஊட்டுலயே இருந்துக்க கண்ணு. இங்க உங்கொப்பனே தண்ணி குடிக்க மாட்டீங்கறாரு."